திருகோணமலை: ஆளுக்காள் பூட்டி வைத்த துறைமுகம்

நாங்கள் ஆறு பேர் இரண்டு நாள் பயணமாகத் திருகோணமலைக்குப் போய் வந்தோம். பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றுமில்லை. கோணேசர் கோயில், கோட்டை, கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளியில் ஒரு குளிப்பு, நேரம் இருந்தால் புறாமலைத் தீவு. இதுதான் பட்டியல். விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, வவுனியா, ஹொரவப்பொத்தானை எல்லாம் தாண்டி, இடுப்பு விட்டுப்போய் இறங்கினோம். கடைசியில் பட்டியலில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. காரணம், பஸ் நிலையத்தில் எங்களை ஏற்றிய ஓட்டோ அண்ணை கேட்ட ஒரு கேள்வி.

"எங்கை போகப் போறியள்?"

"முதல்லை ஹாபரைப் பாப்பம் அண்ணை."

"ஹாபரை எந்தப் பக்கத்தாலை பாக்கப் போறியள்?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. 'உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, சோதனையில் எழுதி, புள்ளியும் வாங்கியவர்கள் நாங்கள். அவ்வளவு பெரிய துறைமுகத்தைப் பார்க்கப் பக்கம் பார்க்க வேண்டுமா?

பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளும் அலைந்தோம். இவ்வளவு சிறந்த துறைமுகம் என்றால் இது ஏன் ஒரு கொழும்பாகவோ சிங்கப்பூராகவோ ஆகவில்லை? ஆகவில்லை என்றால், நானூறு வருடமாக ஏன் இத்தனை பேர் இதற்காக அடிபட்டார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஊரின் மற்றப் பக்கம்

திருகோணமலை நகரம் இரண்டு நீருக்கு நடுவே இருக்கிறது. கிழக்கே திறந்த கடல். பின்னேரம் சனம் காற்று வாங்க வருகிற, கச்சான் விற்கிற, பெடியள் பந்தடிக்கிற கடற்கரை அந்தப் பக்கம்தான். கோணேசர் மலையும் கோட்டையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்று அந்தக் கரையை இரண்டு குடாவாகப் பிரிக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் எடுக்கிற படங்களில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பக்கம். ஆனால் துறைமுகம் இங்கே இல்லை.

அது ஊருக்கு மேற்கே இருக்கிறது. உட்துறைமுக வீதியில் போய் நின்றால், சுற்றிவர மலைமேடுகள், நடுவில் அசையாத நீர். கடல் என்று சொன்னால் நம்ப ஏலாது. குளம் மாதிரிக் கிடக்கிறது. வெளிக்கடலில் எந்தக் காற்று அடித்தாலும் உள்ளே அலை வராது. ஆழமும் அப்படித்தான். மகாவலி கங்கை வந்து விழுகிற கொட்டியாரக் குடாவுக்கு அடியில், கடலுக்குள்ளேயே ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதனால் எவ்வளவு பெரிய கப்பலும் வற்று, பெருக்கு பார்க்காமல் உள்ளே வரலாம்.

நீரைப் பார்க்கலாம், சரி. ஆனால் கப்பல் கட்டும் துறையும், துறைமுக வாயிலைக் காவல் காக்கும் ஒஸ்டன்பேர்க் முனையும், அதன் மேலே உள்ள ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும் கடற்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. நினைத்தவுடன் நடந்து போய்ப் பார்த்துவிட முடியாது. ஓட்டோ அண்ணை சிரித்தது இதற்குத்தான்.

இனி, ஏன் எல்லோரும் இதைக் கேட்டார்கள் என்ற விடயம். இதற்கு வரைபடத்தைவிடப் பருவக்காற்றைத்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றும் புயலும் வங்கக்கடலில் என்ன செய்யும் என்று நாகப்பட்டினத்து, கடலூர் மீனவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கரை முழுவதும் பாய்மரப் போர்க்கப்பல்கள் ஒதுங்குவதற்கு ஒரு நல்ல துறைமுகம் இல்லை. சென்னையில்கூட அந்தக் காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டன. சரக்கும் ஆட்களும் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆகவே வாடைக்காற்று தொடங்க முன்னம் ஆங்கிலேயக் கடற்படை பம்பாய்க்குப் போய்விடும். கப்பல்களைப் பழுதுபார்த்துத் திரும்பி வர மாதக்கணக்கு. அதுவரை சோழமண்டலக் கரைக்குக் காவல் கிடையாது.

ரொபர்ட் நொக்ஸின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறை இருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டவர். அவர் வந்த கப்பல் இலங்கைக்குப் புறப்பட்ட கப்பலே அல்ல. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயல் பாய்மரத்தை முறித்துவிட்டது. அதைச் சரிசெய்ய இடம் தேடித்தான் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கரையில் அடிபட்ட கப்பல் எங்கே வந்து ஒதுங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

திருகோணமலைக்குப் பின்னால் கறுவாக் காடு இல்லை. கறுவா விளைந்தது தென்மேற்கில். பெரிய சந்தை நகரமும் இல்லை. சுற்றிவர வரண்ட நிலம், சனம் குறைவு. வியாபாரிக்கு இங்கே வேலை குறைவு. கடற்படைக்காரனுக்குத்தான் இது சொர்க்கம். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் விளங்கும்.

கோயிற்கல் கோட்டைக்கல்லான கதை

அன்று மத்தியானம் பிரெட்றிக் கோட்டைக்குப் போனோம். கோயிலுக்குப் போகிற வீதி கோட்டைக்குள்ளால்தான் போகிறது. கோட்டை இன்றும் இராணுவ முகாம். வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் வீதியில் ஆடு மாடு மாதிரித் திரிகின்றன. கையில் இருந்த வாழைப்பழத்தைக் கேட்காமலே பறித்துக்கொண்டு போயின. எல்லோரும் மானைப் படம் எடுப்பதில் வாசலைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். வாசற்சுவரில் இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது. பாண்டியரின் சின்னம். பக்கத்தில் குளக்கோட்டன் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. கோயிலில் இருந்த கல் கோட்டையின் வாசலில் நிற்கிறது.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய கோயில் அது. அதைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் அந்த நேரத்தில் இடித்தார்கள் என்று நாங்கள் கேட்பது குறைவு. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். நூறு வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் அவர்களுக்குக் கோட்டை இல்லை. திடீரென்று 1620களில் என்ன அவசரம்?

பதில் டென்மார்க்கில் இருக்கிறது. 1620இல் ஓவே ஜெட்டே என்ற தளபதியின் தலைமையில் டேனியக் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. கண்டி அரசன் செனரத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, திருகோணமலையில் கோட்டை கட்டும் வேலையையும் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. அதே ஆண்டில் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் காலூன்றினார்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். கொஞ்சம் தப்பியிருந்தால் அந்தக் கோட்டை இங்கே நின்றிருக்கும்.

டேனியர் போய்விட்டார்கள். ஆனால் போர்த்துக்கேயருக்குப் பயம் பிடித்துவிட்டது. இன்னொருவன் வந்தால்? கண்டி அரசனுக்குக் கடல்வழி திறந்துவிட்டால்? தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே 1624இல் கோட்டையைக் கட்டினார். மதவெறி அதில் இல்லை என்று சொல்லவில்லை, இருந்தது. ஆனால் நாள் குறித்தது துறைமுகம். மற்றவன் வரக்கூடாது என்பதற்காகப் போட்ட முதல் பூட்டு அது.

மலை உச்சியில் இப்போதுள்ள கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தபோது, எங்களோடு வந்த தோழி ஒருத்தி கீழே கடலைக் காட்டி, "அதுக்குள்ளையும் தூண் கிடக்காம்" என்றாள். உண்மைதான். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் இங்கே சுழியோடி, கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டார்கள். அதற்கு முன் 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. இடிக்கும் நேரத்தில் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கல்லை எடுத்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. புதைத்துக் காப்பாற்றியவர்களின் பெயர் இல்லை.

எட்டு மாதத்தில் மூன்று கொடி

1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் துணையோடு கோட்டையைப் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து கொஞ்ச நாள் இருந்து பார்த்தார்கள். ஆனால் இந்தத் துறைமுகத்தின் முழுக் குணமும் 1782இல்தான் வெளியே வந்தது.

அந்த ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். காவலுக்குக் கொஞ்சப் பேரை விட்டுவிட்டுச் சோழமண்டலக் கரைக்குப் போனார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் வந்து அதைப் பறித்தார். செப்டெம்பர் 2ஆம் திகதி ஹியூஸ் திரும்பி வந்தபோது கோட்டையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. மறுநாள் வெளிக்கடலில் பெரிய சண்டை. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். துறைமுகம் கை மாறவில்லை. பிறகு ஐரோப்பாவில் சமாதானம் பேசி, பிரெஞ்சுக்காரர் அதை ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வருடத் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கொடி, பிறகு ஆங்கிலேயர் கொடி, பிறகு பிரெஞ்சுக் கொடி. ஊர்ச்சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டையே பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் திருகோணமலையும் பிரெஞ்சுக்காரரிடம் போய்விடுமே என்று ஆங்கிலேயர் அந்த ஓகஸ்ட்டில் முந்திக்கொண்டார்கள். 1802 அமியென் உடன்படிக்கையில் பிடித்த இடங்களில் பலவற்றைத் திருப்பிக் கொடுத்தபோதும் இலங்கைக் கரையை விடவில்லை. அடுத்த வருடம் கோட்டைக்கு அரசரின் மகன் பிரெட்றிக்கின் பெயர் வைத்தார்கள்.

இனித்தான் வேடிக்கை. இவ்வளவு பாடுபட்டு எடுத்த துறைமுகத்தை வியாபாரத்துக்கு அவர்கள் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. கோப்பியும் தேயிலையும் மலைநாட்டிலிருந்து மேற்குக் கரைக்குத்தான் இறங்கின. கொழும்பில் இயற்கைத் துறைமுகமே இல்லை. 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி, பணத்தைக் கொட்டிச் செயற்கையாக உண்டாக்கினார்கள். கடவுள் கொடுத்த துறைமுகம் கடற்படையிடம் பூட்டிக் கிடந்தது. மனுசன் கட்டிய துறைமுகம் நகரத்தை வளர்த்தது.

இதற்குள் ஒரு சின்னக் கதை. 1782 சண்டையின் நினைவாக 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' என்று ஒரு போர்க்கப்பலுக்குப் பெயர் வைத்தார்கள். பம்பாயில் பார்சிகளான வாடியா குடும்பத்தினர் தேக்கில் கட்டி, 1817இல் கடலில் இறக்கிய கப்பல். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கிறது, அருங்காட்சியகமாக. டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறி, மேல்தட்டு கீழ்த்தட்டு எல்லாம் பார்க்கலாம். 'டிரிங்கோமலி'க்குள் முழுதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ஹார்ட்டில்பூலுக்குத்தான் போகவேண்டும் போல என்று அன்றிரவு கொத்துரொட்டி சாப்பிடும்போது கதைத்துச் சிரித்தோம்.

தாங்கிகள்

இரண்டாம் நாள் காலை சீனக்குடாப் பக்கம் வெளிக்கிட்டோம். வீதியால் போகும்போது பற்றைக்காட்டுக்கு மேலே அங்கங்கே தெரிகிற பெரிய வட்ட இரும்புத் தாங்கிகள்தான் திருகோணமலையைப் பற்றி இன்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற செய்தி. பிரித்தானியர் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். இப்போது 99. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ பத்து லட்சம் தொன் கொள்ளும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் பிரித்தானியக் கடற்படை இலங்கைக்குப் பின்வாங்கியது. ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 காலையில் திருகோணமலை. துறைமுகத்தில் நின்ற கப்பல்களை முதல் நாளே வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படிப் போன 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். 300க்கு மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். ஒரு ஜப்பானிய விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே வந்து மோதியதாகச் சொல்வார்கள். அந்தத் தாங்கியின் உருகிய இரும்பு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது.

நாடு சுதந்திரம் அடைந்தது 1948இல். ஆனால் திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியக் கடற்படை கையளித்தது 1957இல், பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது. சுதந்திரம் இந்தத் துறைமுகத்துக்கு ஒன்பது வருடம் பிந்தித்தான் வந்தது.

அதன் பிறகாவது பூட்டுத் திறந்ததா? 1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தத்தை இனப்பிரச்சினை பற்றிய ஒப்பந்தம் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். அதோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை இருக்கிறது. இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டுக்கும் இராணுவத் தேவைக்கு இந்தத் துறைமுகத்தைக் கொடுக்கக் கூடாது. எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் கூட்டாகத் திருத்தி இயக்க வேண்டும். இது எழுதி 35 வருடம் கழித்து, 2022 ஜனவரியில்தான் தாங்கிகளைப் பிரித்துக்கொண்டார்கள்: இந்திய நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டுக்கும் கூட்டாக 61. கடிதத்தின் முதற்பகுதி, அதாவது மற்றவனுக்குக் கொடாதே என்பது, உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பகுதி, அதாவது பயன்படுத்து என்பது, ஒரு தலைமுறை காத்திருந்தது. டி சா 1624இல் செய்ததை நினைத்துப் பாருங்கள். பூட்டுக்காரர் மாறினார்கள். பூட்டு அதேதான்.

துறைமுகம் முழுக்கச் சும்மா கிடக்கிறது என்று சொல்லவும் கூடாது. கோதுமை மா ஆலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, கப்பல் வருகிறது. ஆனாலும் இந்த ஆழத்துக்கும் இந்தப் பெயருக்கும் அது காணாது. "பெரிய துறைமுகம் ஆகாததாலைதான் தண்ணி இவ்வளவு வடிவாக் கிடக்கு, நல்லதுதானே" என்றான் எங்களில் ஒருத்தன். ஓட்டோ அண்ணை திரும்பிப் பாராமலே சொன்னார்: "வடிவைச் சாப்பிடேலாது தம்பி. எங்கடை பெடியள் வேலைக்குக் கட்டாருக்குப் போறாங்கள்."

ஊர்ச்சனம்

கிண்ணியாப் பாலத்தில் இறங்கி நின்றோம். 2009இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். அதற்கு முன் இந்த இடத்தை மிதவைப் பாதையில்தான் கடந்தார்கள். உலகத்துக் கடற்படைகள் எல்லாம் கண் வைத்த நீரின் ஓரத்தில், அக்கரை இக்கரைச் சனத்துக்கு ஒரு நல்ல பாலம் கிடைக்க 2009 ஆகிவிட்டது.

அங்கிருந்து மூதூர். 2006 ஓகஸ்ட்டில் அங்கே சண்டை வந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்து போனார்கள். அதே நாட்களில் உதவி நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர்கள் அவர்களுடைய அலுவலக வளவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். திருகோணமலை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் வாழ்கிற, எவரும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம். துறைமுகம் யார் கையில் என்ற கேள்வி கடலிலிருந்து கரை ஏறி, நிலம் யார் கையில் என்ற கேள்வியாக ஆனபோது மூன்று பேருமே அடி வாங்கினார்கள்.

பின்னேரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடற்கரைக்கு வந்தோம். காந்தி சிலையடி. கச்சான் வாங்கினோம், தேத்தண்ணி குடித்தோம், இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் இதே இடத்தில் எங்கள் வயதுப் பெடியள் சிலர் இப்படித்தான் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து தமிழ் மாணவர்கள் அன்று கொல்லப்பட்டார்கள். 2013இல் விசேட அதிரடிப்படையினர் 12 பேரும் பொலிஸ் அதிகாரி ஒருவரும் கைதானார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் கொஞ்ச நேரம் கதை வரவில்லை. கடல் ஓரத்தில் சின்னப் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருகோணமலைக்கு நீங்களும் போவீர்கள். மானுக்கு வாழைப்பழம் கொடுங்கள், புறாமலைக்குப் போங்கள், நாங்கள் தவறவிட்ட கன்னியாவில் குளியுங்கள். கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்று இரட்டைக் கயலைப் பாருங்கள். பிறகு உட்துறைமுக வீதிக்குப் போய், அங்கே வலை தைத்துக்கொண்டிருக்கும் யாராவது ஒரு ஐயாவிடம் இந்தத் துறைமுகத்தைப் பற்றிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அவர் டேனியரைச் சொல்லவில்லை, சுஃப்ரெனைச் சொல்லவில்லை. கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலத்தைச் சொன்னார். எந்த மாதம் எந்த மீன் உள்ளே வரும் என்று சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினோம்.

"கதை இன்னும் கிடக்கு, அடுத்த முறை ஆறுதலா வாங்கோ" என்றார்.